பார்த்ததை மட்டும் சொன்னவள்

செத்த எலியைக் காட்டினால்கூட ‘செத்துப்போச்சு’ என்று அவள் உடனே சொல்லிவிட மாட்டாள். கூண்டைத் திறப்பாள். கையுறை போட்ட விரலால் அதன் விலாவைத் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். கண்ணிமையை லேசாக விலக்கிப் பார்ப்பாள். பிறகுதான், “மூச்சு இல்ல. ஒடம்பு சில்லுனு இருக்குது” என்பாள். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலிலிருந்தே அதைத்தானே நானும் சொன்னேன்? நான் சொன்னபோது தலையை நிமிர்த்தாத சார், அவள் சொன்னதும் “அப்படியா?” என்று நாற்காலியை விட்டு எழுந்து வருவார்.

எங்கள் ஆய்வுக்கூடம் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் இருந்தது. அதற்கு முன்பு அது கல்யாண மண்டபம். ‘மணமகள் அறை’ என்று கதவின்மேல் எழுதியிருந்த அறையில் முயல்களை வைத்திருந்தோம். சமையல்கட்டில் கூண்டு கழுவுவோம். எழுத்தை அழித்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டும் என்று சார் அடிக்கடி சொல்வார், கடைசிவரை செய்யவில்லை. சார் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூடத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. மண்ணில் இயல்பாக இருக்கும் ஒரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, காயவைத்து, பொடியாக்கிப் பூச்சிமருந்தாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வகைப் பொடி வேர்க்கடலை இலையைத் தின்னும் புழுவைக் கொல்லும். இன்னொரு வகை, தேங்கிய தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவைக் கொல்லும். புழுவின் குடலுக்குள் போனால்தான் அது விஷம், மற்ற உயிர்களை ஒன்றும் செய்யாது என்று சொன்னார்கள். அது சரிதானா என்று எலிக்கும் சுண்டெலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. வாய்வழியாகக் கொடுப்போம், தோலுக்கடியில் ஊசி போடுவோம், மூக்கில் விடுவோம், கண்ணில் தூவுவோம். பிறகு எடை பார்ப்போம், காத்திருப்போம், கடைசியில் அறுத்துப் பார்ப்போம். பொடிக்கு ஒரு வாடை உண்டு, புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போல. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே பதவி. நான் மணவூரிலிருந்து ரயிலில் வருவேன். அவள் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் தறி உண்டு, பேச்சு பாதி தெலுங்கு. அப்பாவை நைனா என்பாள். நான் நன்றாகப் பேசுவேன், நன்றாக உடுத்துவேன், கல்லூரியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள். அவள் பெரிய அழகியும் இல்லை. ஆனாலும் கூண்டுகளைப் பார்த்துக்கொண்ட முனிரத்தினம் என்னை ‘மேடம்’ என்றும் அவளை ‘பாப்பா’ என்றும் கூப்பிட்டார். ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தி ஏன் மேடம், ஒருத்தி ஏன் பாப்பா? இதை நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

என் கல்யாணம்கூட அவள் வாயால்தான் முடிவானது. பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா அவளையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் போனதும் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தங்கமான பையன் என்றார்கள், முகத்தில் களை இருக்கிறது என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினாள்.

“நீ சொல்லும்மா. பையன் எப்படி?”

“எப்படின்னு தெரியாதுங்க ஆன்ட்டி.”

“பாத்தியே?”

“பாத்தேன். செருப்ப வாசல்ல கழட்டி ஓரமா வச்சாரு. அவங்கப்பா செருப்பு நடுவுல கெடந்துச்சு, அதையும் எடுத்து ஓரமா வச்சாரு. காபி குடுத்த சுமதியோட தங்கச்சிகிட்ட, போதும் நீ ஒக்காரும்மான்னாரு. அவ்ளோதான் பாத்தேன்.”

“இது போதும்” என்றாள் அம்மா. அன்று சாயங்காலமே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. முன்னாலேயே அம்மாவிடம் சொல்லியும் இருந்தேன். “ஒனக்கு இன்னா தெரியும் சுமதி” என்று சொன்ன அதே அம்மாதான் இவள். என் கல்யாணத்துக்கு என் பேச்சைவிட அவள் சொன்ன செருப்புக்கு மதிப்பு அதிகம்.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்ள நான் கொஞ்சநாள் முயன்றேன். அப்படி நினைக்க முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். முயலின் கண்ணில் பொடி தூவும் சோதனை இருக்கிறதே, அதை என்னால் செய்யவே முடியாது. கீழ் இமையைப் பை போல இழுத்துப் பிடித்து, துளிப் பொடியைப் போட்டு, இமைகளை மூடிப் பிடிக்க வேண்டும். முயல் கத்தாது. அதைத்தான் என்னால் தாங்க முடியாது. உடம்பு மட்டும் ஒருமுறை உதறும். அவள் அதைச் செய்வாள். செய்துவிட்டு எழுந்து போகவும் மாட்டாள். கூண்டுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், “நீ போ, நான் வரேன்” என்பாள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஒனக்குப் பாவமாவே இல்லியாடி?”

“இருக்குது.”

“அப்பறம் எப்படி வச்ச கண்ணு வாங்காம பாத்துகினு இருக்க?”

“பாவமா இருக்குதுன்னு நாம மூஞ்சியத் திருப்பிக்கினா, இதுக்கு எப்ப செவந்துச்சு, எப்ப சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அப்பறம் இன்னொரு முயலுக்குப் போடணும்.”

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. முயலுக்காக இல்லை. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை என்று.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். மருந்துக் கம்பெனி மேனேஜர் எங்கள் இருவரையும் ஜீப்பில் கூட்டிப்போனார். நான் முந்தைய வாரமே பேச்சைத் தயார் செய்துவிட்டேன். வரைபடம்கூட அட்டையில் வரைந்து எடுத்துப்போனேன். மேனேஜர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு விரலால் பொடியைத் தொட்டு எல்லாரும் பார்க்க நாக்கில் வைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? நானே சாப்புடறேன். அவ்வளவு நல்லது” என்றார். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “நீ நக்கறத நாங்க கேக்கலப்பா. எங்க மாடு அந்தத் தழையத் துன்னா இன்னா ஆவும்?” என்று கேட்டார்.

நான் எழுந்தேன். பாக்டீரியா என்றால் என்ன, புழுவின் குடல் எப்படி, மனிதன் வயிறு எப்படி என்று அழகான தமிழில், ஏற்ற இறக்கத்தோடு விளக்கினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பெரியவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். போட்டுவிட்டு, ஓரமாக நின்றிருந்த அவளைப் பார்த்தார்.

“நீ நம்ம பக்கத்துப் பொண்ணாட்டம் கீற. நீ சொல்லு பாப்பா.”

பாப்பா! இங்கேயும்!

அவள் முன்னால்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். “மாட்டுக்குக் குடுத்து நாங்க பாக்கலங்க. எலிக்கு வாயில குடுத்தோம், நெறையவே குடுத்தோம். சாகல. தீனியும் கொறையல, எடையும் ஏறிச்சு. முயல் கண்ணுல போட்டோம். கண்ணு செவந்து தண்ணியா ஊத்துச்சு, அப்பறம் சரியாச்சு. அதனால தெளிக்கும்போது காத்துக்கு எதிரா நிக்காதீங்க. நக்கிப் பாக்காதீங்க. எங்க கூடத்துல நாங்க யாரும் நக்கிப் பாக்கல.”

கூட்டம் சிரித்தது. மேனேஜர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மருந்து விலைபோகாது என்று நினைத்து முகம் கறுத்துப் போயிருந்தார். ஆனால் கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர்தான் முதலில் வந்து பொட்டலம் கேட்டார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். யாரும் என் வரைபடத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.

“மாட்டுக்குப் பாக்கலன்னு எதுக்குச் சொன்ன?” என்றேன்.

“கேட்டாரே” என்றாள்.

இதெல்லாம் சின்னச் சின்னப் பொறுமல்கள். ஒரு ஆடி மாதம்தான் எனக்கு அவள்மேல் நிஜமாகவே வெறுப்பு வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கொசுப்புழுவைக் கொல்லும் பொடி கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு தொகுதி வந்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் மலையடிவாரத்துக் குளத்திலும் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் போடுவதற்காக. காவடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அந்தத் தண்ணீரில்தான் முழுகுவார்கள். புதிய தொகுதி எது வந்தாலும் முதலில் சுண்டெலிகளுக்குத் தோலுக்கடியில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. தொட்டியில் வளர்க்கும்போது வேண்டாத கிருமி வேறு எதுவும் சேர்ந்துவிட்டதா என்று அதில்தான் தெரியும். நல்ல பாக்டீரியா மட்டும் இருந்தால் சுண்டெலிகள் சும்மா இருக்கும்.

அன்று ஊசி போடும் முறை என்னுடையது. ஒரு வரிசைக் கூண்டுக்குப் பொடியை அப்படியே கரைத்துப் போட்டேன். இன்னொரு வரிசைக்கு அதே கரைசலைச் சூடாக்கிக் கிருமியைச் சாகடித்துவிட்டுப் போட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று கரைசலைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலையே சூடாக்காத மருந்து போட்ட வரிசை சோர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் நான் ரயிலிறங்கி வரும்போது முனிரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார்.

“மேடம், அந்த வரிசையில ஒண்ணுகூட உசுரோட இல்ல.”

மத்தியானம் கம்பெனி மேனேஜர் வந்துவிட்டார். சாரும் அவரும் உள்ளே பேசினார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

“சுமதி, ஊசி கொஞ்சம் ஆழமா எறங்கியிருக்கலாம் இல்லையா? தோலத் தாண்டி நெஞ்சுக்குள்ள போயிருக்கும். யாருக்கும் நடக்கறதுதாம்மா. கை தவறிடுச்சுன்னு சொல்லிடு. நாம மறுபடி போட்டுப் பாத்துக்கலாம். கிருத்திகை நெருங்குது, அவங்க மருந்த எடுத்துட்டுப் போகட்டும்” என்றார் சார்.

அந்த அறையில் நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

“கை தவறினா ஒண்ணுக்குத் தவறும் சார், ரெண்டுக்குத் தவறும்! வரிசை முழுக்கவா தவறும்? சூடாக்கின மருந்தயும் இதே கைதான சார் போட்டுச்சு? அதுங்கல்லாம் ஓடிக்கினு இருக்குதே, போய்ப் பாருங்க! நான் தவறிட்டேன்னு சொல்ல மாட்டேன். என்ன வேலைய விட்டுத் தூக்கினாலும் சொல்ல மாட்டேன்!”

அழுகையும் கோபமுமாக வந்தது. மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பளைகள் கத்தினால் ஆண்கள் முகத்தில் ஒரு சலிப்பு வருமே, சார் முகத்தில் அது வந்தது. அவர் அவளிடம் திரும்பினார்.

“நீ கூடத்தான இருந்த. சொல்லு. கை தவறுச்சா, இல்லையா?”

நான் அவளைப் பார்த்தேன். ‘இல்ல சார்’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் ஊறுகாய் தொட்டுத் தின்றவள்.

“நான் பாக்கல சார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுகினு இருந்தேன்” என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “இத்தனை நாள்ல என் கை தவறி நீ பாத்திருக்கியா?”

“இல்ல.”

“அதச் சொல்றதுக்கு இன்னா?”

“அன்னிக்குத் தவறுச்சான்னுதான் கேட்டாரு. அன்னிக்கு நான் பாக்கல. பாக்காதத பாத்தேன்னு இன்னிக்குச் சொன்னா, நாளைக்கு நான் பாத்தத சொல்லும்போது யாரு நம்புவாங்க?”

“ஒன்ன யாராச்சும் நம்பணும்னு நீ நெனச்சுகினே இரு. நான் செத்துப்போறேன்” என்று கையை உதறிவிட்டு நடந்தேன். அவள் பின்னால் வரவில்லை. திரும்ப உள்ளே போய்விட்டாள்.

சாரிடம் அவள் கேட்டதை முனிரத்தினம்தான் பிறகு எனக்குச் சொன்னார். ரெண்டு நாள் கொடுங்கள், அறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். சார் உடனே சரி என்றாராம், மேனேஜர் முணுமுணுத்தும் கேட்கவில்லையாம். நான் அவ்வளவு கத்தியும் கிடைக்காத இரண்டு நாள் அவளுக்கு ஒரு வார்த்தையில் கிடைத்தது.

செத்த சுண்டெலிகளை அவள் அறுத்தாள். மண்ணீரலை எடுத்து அரைத்து, கிருமி வளர்வதற்காக ரத்தம் கலந்த ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டுகளில் தடவினாள். இன்னும் பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து என் கண்முன்னாலேயே பிரித்து, அந்தப் பொடியையும் தனித்தட்டில் தடவினாள். நான் அவளோடு பேசவில்லை. தட்டுகளை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து மூடினோம். மறுநாள் கதவைத் திறந்ததும் அவள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

“வா, நீயும் பாரு. என் கண்ண மட்டும் நம்ப வேணாம்.”

பார்த்தேன். எங்களுக்குப் பழக்கப்பட்ட பாக்டீரியா மங்கலாக, மெழுகு சிந்தியதுபோலப் படர்ந்திருந்தது. அதற்கிடையில் இன்னொன்று, கடுகைவிடச் சின்னதாக, பளபளவென்று புள்ளிபுள்ளியாக முளைத்திருந்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து வெளிறிய வளையம். மண்ணீரல் தட்டிலும் அதுதான். பிரிக்காத பொட்டலத்தின் தட்டிலும் அதுதான்.

சாரும் மேனேஜரும் வந்தார்கள். அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“இது நம்ம மருந்தோட பாக்டீரியா சார். இது வேற. பொட்டலத்துலயே இருக்குது. ஊசி போட்ட கையிலருந்து வரல.”

“இது என்ன கிருமி?” என்றார் மேனேஜர்.

“பேரு இன்னும் தெரியலங்க. எலி உள்ள இது இருந்துச்சு, எலி செத்துச்சு. அது தெரியும்.”

சார் தட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், “இந்தத் தொகுதி தண்ணிக்குப் போகாது” என்றார். மேனேஜர் ஏதேதோ பேசிப் பார்த்தார், சார் அசையவில்லை. மூட்டைகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. மேனேஜர் போன பிறகு சார் என் தோளைத் தட்டி, “நல்ல வேளைம்மா, அவ பாத்தா” என்றார்.

அதே சாரிடம் அதே அறையில் நானும் அதைத்தான் சொன்னேன். கை இல்லை, மருந்து என்று. நான் அழுதுகொண்டு சொன்னேன், அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு தகவலுக்கு இரண்டு விலை.

அந்தக் கிருத்திகைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பழைய தொகுதியில் மிச்சமிருந்த மருந்தைச் சாக்கடைகளுக்கு மட்டும் போட்டிருந்தார்கள். குளத்துப் படியில் நிற்க இடமில்லை. பூக்காவடியோடு வந்தவர்கள் அப்படியே இறங்கி முழுகினார்கள். மொட்டையடித்த குழந்தைகளைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். ஒரு பெண் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளித் தன் பிள்ளையின் வாயில் ஊற்றினாள். இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

“ஒன் ஃப்ரெண்டு எவ்ளோ பெரிய காரியம் பண்ணியிருக்காங்க இல்ல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஊசி போட்டது நான்.”

“ஆங், ஆமா ஆமா” என்றார். சொல்லிவிட்டுப் பொரிகடலை வாங்கப் போனார்.

அடுத்த வருஷம் விலங்குப் பிரிவுக்கு ஒரு தலைமை வேண்டும் என்று சார் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். அவர் யாரை நினைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் தோற்பதற்குத் தயாராக, அதற்கென்றே ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“சுமதி இருக்கட்டும் சார். கை தவறுச்சுன்னு சொல்லிடுன்னு நீங்களே கேட்டும் அவ சொல்லல. அத நான் பாத்தேன்.”

சார் கொஞ்சம் தலைகுனிந்தார். பதவி எனக்கு வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது முள்ளில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. நான் ஆசைப்பட்டது அது. ஆனால் அதையும் அவள் ஒரு வரி சொல்லி வாங்கித்தர வேண்டியிருந்ததே! அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எப்போதும்போல முக்காலியில் உட்கார்ந்து முயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் நகரிப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். அங்கேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அவள் போன முதல் வாரம் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. பிறகு யாராவது ஒருவர் கதவைத் தட்டி உள்ளே எட்டிப்பார்த்து, “அவங்க இல்லீங்களா?” என்பார்கள். “என்ன வேணும், சொல்லுங்க” என்பேன். “இல்லீங்க மேடம், அவங்க இருந்தா ஒரு வார்த்த கேக்கலாம்னு” என்று போய்விடுவார்கள். முனிரத்தினம் வேலையிலிருந்து நின்றுவிட்ட பிறகும் அந்தத் தட்டல்கள் நிற்கவில்லை.

பல வருஷம் கழித்து அவளை ரயிலில் பார்த்தேன். சாயங்கால வண்டி, திருத்தணியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே அவள். மடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு வேண்டுதலாம். முடித்துக்கொண்டு சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறாளாம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“முடி நரைச்சிருக்குது” என்றாள்.

வேறு யாராவதாக இருந்தால், ‘அப்படியே இருக்கியே’ என்றிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடம், சார், அவர் இறந்தது, என் பையன் படிப்பு என்று பேசிக்கொண்டே போனோம். அரக்கோணம் தாண்டியது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டேன், கேட்டாலும் பதிலை நம்பியிருக்க மாட்டேன்.

“ஏய், எம்மேல ஒனக்கு எப்பனா பொறாமை இருந்துச்சா?”

குழந்தையின் தலையைக் கையால் மறைத்தபடி யோசித்தாள்.

“ஆங். இருந்துச்சு.”

“எப்போ?”

“அன்னிக்கு சார் ரூம்ல கத்தினியே. எனக்கும் தொண்ட வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. வாய்க்கு வந்தது பாக்கலங்கறது மட்டும்தான். பள்ளிப்பட்டு போற வரைக்கும் பஸ்ல அழுதுகினே போனேன். நீ கத்தினத நெனச்சி நெனச்சி எரிஞ்சுது. நான் பொறந்ததிலருந்து ஒருத்தர் முன்னாடியும் அப்படிக் கத்தினதில்ல.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முகத்தில் எதுவும் காட்டிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இல்லாததைச் சொல்லத் தெரியாதவள் சொன்னது இது. எனக்குக் கிடைத்த பரிசுகளையெல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் இதற்கு ஈடாகாது.

“ஒனக்கு?” என்றாள்.

“எனக்கா?”

“எம்மேல.”

“சேச்சே! எனக்கு இன்னாத்துக்கு? அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா.”

வண்டி வேகம் குறைந்தது. மணவூர் வந்துவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் தலையைச் சாய்த்து, எலியின் விலாவைத் தொட்டுக்கொண்டு நிற்பாளே, அந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

“நான் பாத்துகினேதான இருந்தேன், சுமதி.”

பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணவூர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயின. கடம்பத்தூரில் இறங்கித் திரும்ப வண்டி பிடித்துக்கொள்ளலாம்.